பிள்ளைப்பெற்ற வீட்டுக்கு மீன்

தபாலதிபராக இருந்து ஓய்வுபெற்ற இரத்தினசிங்கம் நிபந்தனை இல்லாமல் எதற்கும் தலையாட்டுகிறவர் அல்ல. மகள் ஜெகதீஸ்வரியின் கலியாணத்தைத் தள்ளிவைக்கச் சம்மதித்தபோதும் ஒரு நிபந்தனை போட்டுத்தான் சம்மதித்தார்.

அது தொண்ணூற்றாறாம் ஆண்டு வைகாசி. நோர்வேயிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. சாதகம் பொருந்தியது. மாப்பிள்ளை நல்லவன் என்று சொல்லப் பலர் இருந்தார்கள். கெட்டவன் என்று சொல்ல, தேடிப் பார்த்தும் ஒருவர் அகப்படவில்லை. ஜெகதீஸ்வரிக்கும் அவனில் ஒரு குறை தெரியவில்லை. ஆனால் அவள் களனிப் பல்கலைக்கழகத்து விலங்கியல் பகுதியில் தற்காலிகமாகப் படிப்பித்துக்கொண்டு, மேற்பட்டத்துக்காக ஒரு நன்னீர் மீனை ஆராய்ந்துகொண்டிருந்தாள். அந்த மீனைத் தொட்டிக்குள் குஞ்சு பொரிக்க வைத்துவிட்டால் ஆராய்ச்சி கரையேறிவிடும். பாதியில் விட்டுவிட்டுப் போய் அங்கே தொடரலாம் என்றால், நோர்வேயில் அந்த மீன் இல்லை.

“ஐப்பசி முடியும் மட்டும் பார்ப்பம்,” என்றார் இரத்தினசிங்கம். “அதுக்குள்ளை உன்ரை மீன் குஞ்சு பொரிச்சா நீ நிண்டு படி. அதுக்குப் பிறகு எல்லாம் உன்ரை விருப்பம். பொரிக்காட்டி, மறுகதை இல்லாமல் பாஸ்போட்டுக்குப் படம் எடுக்கப் போகவேணும்.”

ஜெகதீஸ்வரி ஓம் என்றாள். அப்போது அது அவளுக்கு லேசான நிபந்தனையாகத்தான் பட்டது.

மீன்கள் வீட்டிலேயே இருந்தன. வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடி வீட்டின் பின் விறாந்தையில், இரண்டு கண்ணாடித் தொட்டிகளிலும் ஒரு சீமெந்துத் தொட்டியிலும் கிடந்தன. அந்த வருடம் மழை பொய்த்து, நீர்த்தேக்கங்கள் வற்றி, கொழும்பு முழுக்க நாளின் பெரும்பகுதி மின்சாரம் இல்லை. பல்கலைக்கழகத்துத் தொட்டிகளில் காற்று ஊதுகிற பம்புகள் நின்றுபோக, மற்றவர்களுடைய மீன்கள் எல்லாம் வயிற்றைக் காட்டி மிதந்தன. ஜெகதீஸ்வரியின் மீன்களுக்கு மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. அவை நேரத்துக்கு நேரம் மேலே வந்து, வாயைத் திறந்து ஒரு மடக்குக் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போயின. செவுளோடு ஒட்டி முதுகெலும்பின் இரு புறமும் வால் பக்கமாக நீண்டு கிடக்கும் இரண்டு காற்றுப் பைகள் அந்த மீனுக்கு உண்டு. சேற்றிலும் வாழும், ஈரச் சாக்கிலும் ஒரு பொழுது தாங்கும். அப்படியானால் வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாமே என்று அவள் கொண்டுவந்துவிட்டாள்.

தாய் பத்மாவதிதான் யோசித்தார். மூத்த மகன் தடுப்புக்காவலில் இருந்து வீட்டுக்கு வந்த அன்று மச்சம் மாமிசம் விட்டவர் அவர். மகன் இப்போது லண்டனில் கோழி தின்கிறான் என்று தெரிந்தும் அவர் தன் நேர்த்தியை மாற்றவில்லை. மீன் இருக்கலாம், ஆனால் தன் கூரைக்குக் கீழே ஒரு உயிரும் கொல்லப்படக் கூடாது என்றார். ஜெகதீஸ்வரி அதற்கும் ஓம் என்றாள். தகப்பனுக்குக் கொடுத்த வாக்கைவிடத் தாய்க்குக் கொடுத்த வாக்குத்தான் தன் காலை இடறப் போகிறது என்று அவளுக்கு அன்று தெரியாது.

அந்த மீனைத் தமிழில் சுங்கான் என்பார்கள். சிங்களத்தில் ஹூங்கா. ஜெகதீஸ்வரியின் புத்தகங்களில் அதற்கு இருந்த பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியாது. பத்மாவதி ஒருமுறை முயன்று பார்த்துவிட்டு, பெயர் வைத்தவனுக்குப் பிள்ளைகுட்டி இருக்காது என்றார். செதில் இல்லாத கறுத்த உடம்பு, தட்டையான தலை, வாயைச் சுற்றி நாலு சோடி மீசை. சதுப்பில் இதே கோலத்தில் இன்னொரு மீனும் உண்டு, மகுரா என்று. தெரியாதவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள். பிரித்தறிய முதுகைப் பார்க்கவேண்டும். மகுராவின் முதுகில் துடுப்புப் போல நிற்கும் செட்டை வால் வரை நீண்டு ஓடும். சுங்கானுடையது முன்பக்கத்தில் ஒரு நகம் முளைத்த மாதிரி நிற்கும். தொட்டுப் பார்த்தும் அறியலாம், ஆனால் ஒருமுறைதான். சுங்கானின் பக்கச் செட்டைகளில் நஞ்சு முள் இருக்கிறது. குத்தினால் தேள் கொட்டினது போல வலி தோள் வரை ஏறும்.

இந்த இரண்டாவது முறையில் அதை அறிந்தவன் ஒஸ்வால்ட்.

ஒஸ்வால்ட் கொட்டாஞ்சேனைக்காரன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு குளிர்க்களஞ்சியத்தில் கிளாக்கர். முந்திய வருடம், பெயர் தெரியாமல் வந்து சேர்ந்த இரண்டு பெட்டி மீனை இன்னதென்று எழுதி வாங்கிவரச் சொல்லி அவனைக் களனிக்கு அனுப்பியிருந்தார்கள். ஜெகதீஸ்வரி பெட்டியைத் திறந்து பார்த்து, கடல் கெளுத்தி என்று எழுதிக் கொடுத்தாள். எழுதிக்கொண்டே, இதன் தலைகளை என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். எறிவோம் என்றான். எறியாமல் தனக்குத் தர முடியுமா என்று கேட்டாள். மீனின் தலையைக் கேட்ட முதல் பெண் அவள்தான் என்று பிற்பாடு அவன் தன் தாயிடம் சொன்னானாம்.

தலைகள் அவளுக்கு வேண்டியிருந்ததற்குக் காரணம் உண்டு. சுங்கான் ஆற்றோரத்து வெள்ளத்தில்தான் முட்டையிடும். தொட்டியில் அடைத்து வைத்தால் சினை முற்றியும் விடாது. அதை விடவைக்க ஓர் ஊசி போடவேண்டும். ஊசி மருந்து கடையில் விற்பதில்லை. இன்னொரு மீனின் மூளைக்கு அடியில், ஒரு சிறு குழிக்குள் கடுகளவில் வெள்ளையாக ஒரு சுரப்பி இருக்கும். மண்டையோட்டை மேலே சீவி, மூளையை மெதுவாகத் தூக்கி, அதை உடையாமல் எடுத்து ஸ்பிரிட்டில் போட்டு வைத்து, தேவையானபோது உப்பு நீர் விட்டு அரைத்து ஊசியில் ஏற்றவேண்டும். கடல் கெளுத்தியும் சுங்கானும் தூரத்துச் சொந்தம். சொந்தத்துக்குள் மருந்து பிடிக்கும்.

வெள்ளவத்தை வீட்டுக்குள் மீன் தலை ஏறாது. அதனால் சனிக்கிழமைகளில் ஜெகதீஸ்வரி கொட்டாஞ்சேனைக்குப் போனாள். ஒஸ்வால்டின் தாய் செலீன், தன் அடுக்களை மேசையில் ஒரு பழைய மெழுகுசீலையை விரித்துக் கொடுப்பார். ஜெகதீஸ்வரி சுரப்பிகளை எடுத்து முடித்ததும், மிச்சத் தலைகளைச் செலீன் சொதிக்கு எடுத்துக்கொள்வார். அன்றாடம் தேவாலயத்தில் பூசைக்குப் போகிற விதவை அவர், ஒன்றையும் வீணாக்கமாட்டார். மகனுக்கு முப்பத்து நாலு வயதாகியும் கலியாணம் ஆகாததுதான் அவர் வாழ்க்கையில் வீணாய்ப் போய்க்கொண்டிருந்த ஒரே பொருள்.

சுங்கான்களைத் தேடிக் கொண்டுவந்ததும் ஒஸ்வால்ட்தான். களனிப் பாலத்தைத் தாண்டிப் பேலியகொடைச் சதுப்போரத்தில் சீலவதி என்று ஒரு சிங்களப் பெண் கீரையும் உயிர் மீனும் விற்றாள். ஒஸ்வால்ட் சைக்கிளில் போய் மூடி போட்ட வாளியில் வாங்கிக்கொண்டு, இரத்மலானை பஸ்ஸில் வெள்ளவத்தையில் வந்து இறங்குவான். வாசலில் நின்றபடியே வாளியைக் கொடுத்துவிட்டு, “எல்லாம் உயிரோட இருக்கு, மிஸ்,” என்பான். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னால், அடுத்த முறை என்பான். பாலத்தில் சோதனைச் சாவடி இருந்தது. வாளியோடு ஒரு தமிழன் அதை எப்படிக் கடந்து வருகிறான் என்று ஜெகதீஸ்வரி ஒருநாளும் கேட்கவில்லை. கேட்காதது தப்பு என்று பிறகு அவளே நினைத்தாள்.

ஆனி மாதத்தில் முதல் ஊசி போட்டாள். வயிறு பெருத்த மீன்களை ஒரு பக்கமும் மெலிந்தவற்றை ஒரு பக்கமும் பிரித்தாள். பெருத்தவை பெண், மெலிந்தவை ஆண். மெழுகுதிரி வெளிச்சத்தில் ஈரத் துணியால் பொத்திப் பிடித்து, குதத்துக்குப் பின்னால் இருக்கும் சிறு முனையை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தாள். ஆணுக்கு அது கூராக இருக்கும், பெண்ணுக்கு மழுங்கி இருக்கும். பருவம் சரியாக வராத மீனில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. மெலிந்த மீனில் கூராக இருக்கவேண்டும் என்று விரும்பினவளுக்கு அது கூராகத்தான் தெரிந்தது.

மாலையில் ஊசி போட்டாள். விடிய எழும்பிப் பார்த்தபோது தொட்டியின் அடியிலும் பாசியிலும் இளம்பச்சை மணிகளாய் முட்டைகள் ஒட்டிக் கிடந்தன. பத்மாவதி சுவாமிப் படத்துக்கு வைத்த பூவில் ஒன்றைக் கொண்டுவந்து தொட்டியின் விளிம்பில் வைத்தார். மத்தியானம் முட்டைகள் மங்கின. பின்னேரம் எல்லாம் சுண்ணாம்பு போல வெளுத்துப்போயின. பூவை எடுத்துக்கொண்டு பத்மாவதி உள்ளே போனார்.

மருந்து கூடிவிட்டது என்று நினைத்து ஆடியில் குறைத்தாள். முட்டை வெளுத்தது. குறைந்துவிட்டது என்று நினைத்து ஆவணியில் கூட்டினாள். வெளுத்தது. குழாய்த் தண்ணீரில் குளோரின் என்று, கீழ்வீட்டுக் கிணற்றில் அள்ளினாள். கிணற்று நீர் உவர் என்று, மழைக்குக் காத்திருந்தாள். மழை வந்தது, மின்வெட்டும் குறைந்தது, முட்டை மட்டும் வெளுப்பதை நிறுத்தவில்லை. புரட்டாதி பிறந்ததும் இரத்தினசிங்கம், காலி வீதியில் நல்லாய்ப் படம் பிடிக்கிற ஸ்ரூடியோ எதுவென்று அயலில் விசாரித்து வைத்துக்கொண்டார்.

அவள் சந்தேகப்படாத ஒன்று அவளுடைய ஆண் மீன்கள்தாம். கெண்டை இன மீன் என்றால் ஆணின் வயிற்றை அழுத்திப் பார்த்தாலே விந்து பால் போல வெளிவந்து சந்தேகம் தீர்ந்துவிடும். சுங்கான் அப்படியல்ல. அழுத்தினால் ஒன்றும் வராது. நிச்சயமாய் அறிய ஒரே வழி, வெட்டிப் பார்ப்பது. எந்தப் புத்தகத்திலும் அதுதான் முதல் வேலை. வேறு யாராக இருந்தாலும் ஆனி மாதத்திலேயே ஒன்றை வெட்டியிருப்பார்கள். வெட்டக் கூடாது என்று வாக்குக் கொடுத்த வீட்டுப் பிள்ளை என்பதால் அவள் வெட்டவில்லை.

ஐப்பசி பிறந்து ஒரு கிழமையில், தொட்டியின் முன்னால் நெடுநேரம் இருந்து யோசித்துவிட்டு, மெலிந்த மீன்களில் ஒன்றை வாளியில் போட்டு மூடினாள். எங்கே என்று தாய் கேட்டார். கொட்டாஞ்சேனைக்கு என்றாள். பத்மாவதி வாளியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். மேற்கொண்டு கேட்கவில்லை.

செலீனுடைய அடுக்களையில் அதை முதலில் ஐஸுக்குள் வைத்து விறைக்க விட்டாள். பிறகு மெழுகுசீலையில் கிடத்தி, கத்தரிக்கோலால் வயிற்றைத் திறந்தாள். ஆணாக இருந்தால் உள்ளே முதுகோடு ஒட்டி இரண்டு வெள்ளை இழைகள், ஓரம் பல்லுப் பல்லாக இருக்கும். அங்கே இருந்தவை இரண்டு சுருங்கின பைகள். கத்தரிக்கோல் நுனியால் ஒன்றைக் கீறினாள். பாசிப்பயற்று நிறத்தில் மணிமணியாய்ச் சினை.

கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். மற்ற மெலிந்த மீன்களும் இதே வாளியில், இதே கையால் வந்தவை. அவையும் சினை விட்டு மெலிந்த பெண்கள்தான். தொட்டியில் ஆணே இல்லை. நாலு மாதமாய் வெளுத்த முட்டைகள் எல்லாம் தகப்பன் இல்லாத முட்டைகள். மருந்தையும் தண்ணீரையும் மாற்றிக்கொண்டே இருந்தாளே தவிர, ஒருமுறைகூடப் பெண்ணோடு பெண்ணை விட்டிருக்கிறோமோ என்று அவள் கேட்கவில்லை.

ஆனால் ஒரு சதுப்பில் பிடிக்கிற மீன் முழுக்கப் பெண்ணாக இருக்காது. யாரோ தெரிந்தெடுத்திருக்கிறார்கள்.

ஒஸ்வால்ட் முன்கூடத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தான். கையைக் கழுவிவிட்டு வந்து, சீலவதியிடம் என்ன சொல்லி மீன் கேட்பீர்கள் என்று அவனைக் கேட்டாள். அவன் பேப்பரை மடித்தான். மடித்த பேப்பரை இன்னும் ஒருமுறை மடித்தான். செலீன் அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

கதை மெதுவாகத்தான் வந்தது. முதல்முறை பாலத்துச் சாவடியில் வாளியைத் திறந்து காட்டச் சொன்னபோது, ஆராய்ச்சிக்கு என்று உண்மையைச் சொல்லியிருக்கிறான். கொட்டாஞ்சேனைத் தமிழன், உயிர் மீன், ஆராய்ச்சி – மூன்றும் ஒட்டவில்லை. ஒரு பகல் முழுக்க வாங்கில் இருத்தி வைத்துவிட்டார்கள். அதற்குள் சந்தேகம் தீராத ஒரு சிப்பாய் வாளிக்குள் கையை விட்டு, மீன் குத்தி, பெருவிரல் வீங்கிப்போயிற்று. சுடுதண்ணீரில் வைக்கச் சொல்லிக் கொடுத்ததால் ஒஸ்வால்டை ஒருவாறு விட்டார்கள். அவனுக்கும் முதலிலேயே குத்தியிருந்ததால் வைத்தியம் தெரிந்திருந்தது. அடுத்தமுறை மே மொனவத என்று அதே சிப்பாய் கேட்டான். இது என்ன என்ற அந்தக் கேள்விக்கு ஒஸ்வால்டின் வாயில் வேறு பதில் வந்தது. மனைவிக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, பத்தியத்துக்கு மீன் என்றான். சிப்பாய் வாளியைத் தொடாமலே போகச் சொன்னான். அன்றிலிருந்து அதுதான் பதில்.

பாலத்தில் ஒரு கதையும் சந்தையில் ஒரு கதையும் சொன்னால் என்றாவது இரண்டும் முட்டிக்கொள்ளும் என்று, சீலவதிக்கும் அதையே சொல்லி வைத்தான்.

“அதுக்குப் பிறகு நான் கேக்கவே தேவை இல்ல, மிஸ்,” என்றான். “அந்த அம்மாவே பானைக்குள்ள கைய விட்டுத் தெரிஞ்சு தாறா. பிள்ளப் பெத்தவளுக்குச் சினை மீன்தான் பாலூறுமாம். மெலிஞ்சத எடுத்தாலும் பாத்துத்தான் எடுப்பா. ஆம்பிள மீன எனக்கு ஒருநாளும் தரமாட்டா.”

செலீன் தலையிலிருந்த முக்காட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“எனக்கு ஒரு மருமகளும் பேரப்பிள்ளையும் இருக்காம்,” என்றார். “பேலியகொடைக்கே தெரியும். ஆமிக்காரனுக்கும் தெரியும். எனக்குத்தான் சொல்லல்ல.”

“மம்மி.”

“ஞானஸ்நானம் குடுத்தாச்சா, அதையாவது சொல்லுடா.”

ஒஸ்வால்ட் பேப்பரை இனி மடிக்க இடமில்லாமல் வைத்திருந்தான். ஜெகதீஸ்வரிக்குக் கோபம் வரவேண்டியிருந்தது. நாலு மாதம் போய்விட்டது. ஐப்பசியில் மூன்று கிழமை மிச்சம். வந்த கோபம் பாதியில் நின்றுவிட்டது. இத்தனை மாதமாய் இந்த மனிதன் ஒரு மனைவியின் பெயரால் ஒவ்வொரு முறையும் சிப்பாய்களின் துவக்குகளைக் கடந்து வந்து, அவளுடைய வாசலில் நின்று, எல்லாம் உயிரோட இருக்கு மிஸ் என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்காமல் திரும்பிப் போயிருக்கிறான். அந்த மனைவி யாரென்று அவள் அவனிடம் கேட்கவில்லை. நாளைக்குத் தானும் பேலியகொடைக்கு வருவதாகச் சொன்னாள்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்தபின் இருவரும் போனார்கள். சைக்கிளை ஒஸ்வால்ட் உருட்டிக்கொண்டு வந்தான். வாளி கைபிடியில் தொங்கியது. பாலத்தடியில் அடையாள அட்டைகளை வாங்கிப் பார்த்த சிப்பாய் ஜெகதீஸ்வரியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சிரித்து, அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தான். அவனுடைய பெருவிரல் நகம் கறுத்திருந்ததை அவள் கவனித்தாள்.

சீலவதி ஐம்பது வயதுக்காரி. வாகை மரத்தடியில் கீரைக் கட்டுகளுக்கும் மண்பானைகளுக்கும் நடுவில் இருந்தாள். ஒஸ்வால்டையும் அவனுக்குப் பின்னால் வந்த பெண்ணையும் கண்டதும் எழும்பி, கையை உடுத்திருந்த சீத்தைத் துணியில் துடைத்துக்கொண்டு, ஜெகதீஸ்வரியின் முகத்தை இரண்டு கையாலும் தொட்டாள்.

“பபா கொஹொமத, துவ?” என்றாள். பிள்ளை எப்படி, மகள் என்று கேட்டாள்.

ஜெகதீஸ்வரிக்குச் சிங்களம் நன்றாக வரும். வரும் வழியெல்லாம் சொல்லவேண்டியதை அவள் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தாள்: தான் படிப்பிக்கிறவள், இது ஆராய்ச்சி, இவர் சொன்னது பாலத்துக்காகச் சொன்னது, மன்னிக்கவேண்டும். சொல்லிவிட்டால் முடிந்தது. ஒஸ்வால்ட் சேற்றில் புதைந்த தன் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் காதுகள் சிவந்திருந்தன. தன்னைக் காப்பாற்றச் சொல்லி அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் என்ன சொன்னாலும் ஏற்றுக்கொள்ளப் போகிறவன் மாதிரி நின்றான்.

“ஹொந்தின் இன்னவா,” என்றாள் ஜெகதீஸ்வரி. சுகமாய் இருக்கிறது.

சீலவதிக்கு அது போதவில்லை. பல்லு முளைத்துவிட்டதா, இரவில் அழுகிறதா, யாருடைய சாயல் என்றெல்லாம் கேட்டாள். ஜெகதீஸ்வரி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். சாயல் தகப்பனுடையது என்றபோது ஒஸ்வால்ட் சைக்கிள் மணியில் இருந்த தூசியைத் துடைக்கத் தொடங்கினான். பிறகு அவள், இன்றைக்கு மெலிந்த மீன் வேண்டும், சினை இல்லாதது, தானே பார்த்து எடுக்கிறேன் என்றாள். சீலவதி கையைப் பானையின் வாயில் வைத்து மறித்தாள். அதில் என்ன சத்து இருக்கிறது, யாருக்கு அது என்று கேட்டாள்.

“பபாவுடைய அப்பாவுக்கு,” என்று சிங்களத்தில் சொன்னாள் ஜெகதீஸ்வரி.

சீலவதி ஒஸ்வால்டை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தாள். அந்த மனிதனுக்கும் யாராவது சாப்பாடு போடத்தான் வேண்டும் என்று சொல்லிப் பானையை விட்டாள்.

பகல் வெளிச்சத்தில், ஈரச் சாக்கில் பொத்தி, ஒவ்வொன்றாய்த் திருப்பிப் பார்த்தாள். மூன்றாவது மீனில் நின்றாள். கூர் என்றால் இதுதான் கூர். இதைப் பார்த்த கண்ணுக்கு, இவ்வளவு நாளும் மெழுகுதிரி வெளிச்சத்தில் கூர் என்று நினைத்தது வெறும் ஆசை என்று விளங்கியது. அப்படியானவற்றில் சிலதை எடுத்து வாளியில் விட்டாள். சீலவதி பிள்ளைக்கு என்று ஒரு கட்டுக் கீரையும் சும்மா வைத்தாள்.

பாலத்தில் ஏறும்போது ஒஸ்வால்ட் வாயைத் திறந்தான்.

“பொய் சொன்னது பிழைதான். ஆனா சொல்லிச் சொல்லி எனக்கே பழகிட்டுது. நீங்க நோர்வேக்குப் போன பிறகு இந்தப் பக்கம் நான் எப்பிடி வாறது எண்டுதான் யோசிச்சுக்கொண்டிருந்தேன், மிஸ்.”

“முதல்ல இந்த மிஸ்ஸை விடுங்கோ,” என்றாள் ஜெகதீஸ்வரி. “பெண்சாதியை மிஸ் எண்டு கூப்பிட்டா அந்தச் சிப்பாய் வாளியைத் திறப்பான்.”

அன்று வெள்ளவத்தையில் அவன் தேத்தண்ணி குடித்தான். வாசற்படியில் நின்றுகொண்டேதான் குடித்தான். பத்மாவதி கோப்பையைக் கொடுத்துவிட்டு, அவன் குடித்து முடியும் மட்டும் அவனுடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆண்களைத் தண்ணீரோடு பழக விட்டு, சினை முற்றிய இரண்டு பெண்களைத் தெரிந்து, ஐப்பசி கடைசிக் கிழமையில் ஒரு மாலை ஊசி போட்டாள். விடிய முட்டைகள் கிடந்தன. பத்மாவதி இந்த முறை பூக் கொண்டுவரவில்லை. மத்தியானம் சில மங்கின. மற்றவை கண்ணாடி போலவே இருந்தன. பின்னேரமும் அப்படியே இருந்தன. ஜெகதீஸ்வரி வகுப்புக்குப் போகவில்லை. ஒரு வாங்கைத் தொட்டியடியில் போட்டுக்கொண்டு இருந்தாள். அடுத்த நாள் காலையில், ஒரு முட்டைக்குள் மயிரளவில் ஏதோ துடித்தது. பிறகு பக்கத்து முட்டையில். பிறகு எங்கும். ஒவ்வொன்றாய்ச் சவ்வைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, அடியில் பக்கவாட்டில் கிடந்து, வாலை மட்டும் அடித்தன.

இரத்தினசிங்கம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மகளுடைய உருப்பெருக்கியையும் வாங்கி, நெடுநேரம் குனிந்து பார்த்தார். பதிவுத் தபாலின் அரக்கு முத்திரையைச் சரிபார்க்கிறவர் போல இருந்தது.

“இது குஞ்சுதானோ? வேறை ஏதும் பூச்சி புழுவோ?”

“குஞ்சுதான் அப்பா. இன்னும் கொஞ்ச நாளிலை மீசை வரும், நீங்களே பாருங்கோ.”

அவர் நிமிர்ந்தார். வாக்கு வாக்குத்தான் என்றார். நோர்வேக்காரருக்குத் தானே எழுதிப் போடுவதாகச் சொன்னார். அதற்குப் பிறகு உன் விருப்பம் என்றும் சொல்லியிருந்தேன், அந்த விருப்பம் என்ன என்று கேட்டார். நிபந்தனையின் இரண்டாவது பாதியை அவர் மறக்கவில்லை. அதை மகளும் மறந்திருக்கமாட்டாள் என்று அவருக்குத் தெரியும்.

ஜெகதீஸ்வரி தொட்டியின் கண்ணாடியில் ஒட்டியிருந்த பாசியை நகத்தால் சுரண்டினாள். வாற ஞாயிற்றுக்கிழமை ஒஸ்வால்டும் அவருடைய தாயும் வீட்டுக்கு வருவார்கள், அவர்களை உள்ளே இருத்திக் கதைக்கவேண்டும் என்றாள்.

இரத்தினசிங்கம் மனைவியைப் பார்த்தார். சமயம், சாதி, சாதகம் என்று மூன்றும் அவர் நாக்கு நுனியில் நின்றன. ஆனால் எதையும் நிபந்தனையாக வைத்திருக்கவில்லை. வைக்காததை இப்போது கேட்பது முறையல்ல என்று அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும். முடிவை மனைவியிடம் விட்டுவிட்டு உருப்பெருக்கியைத் திரும்பக் கையில் எடுத்தார்.

பத்மாவதி தொட்டிக்குக் கிட்ட வந்தார். இவ்வளவு உயிர் ஒரே நாளில் அவர் கூரைக்குக் கீழே பிறந்ததில்லை. வால்கள் அடிப்பதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

“அவையள் வெள்ளிக்கிழமையிலை மீன் தின்னுற சனமெல்லோ?”

“ஓம் அம்மா.”

“அண்டைக்கு வாளியிலை கொண்டுபோனியே ஒண்டு. அது திரும்பி வரேல்லை.”

ஜெகதீஸ்வரி பாசி சுரண்டுவதை நிறுத்தினாள்.

பத்மாவதி தலையிலிருந்த பூவைக் கழற்றித் தொட்டியின் விளிம்பில் வைத்தார்.

“சரி,” என்றார். “கொட்டாஞ்சேனை வேறை கூரைதானே.”